கடைசி பேக்கப்பே போதுமா?

"டேட்டாபேஸைக் குளோன் செய்ய எந்த பேக்கப் என்று யோசிப்பதே வீண், கடைசியாக எடுத்ததைப் போடுங்கள்" என்கிறார் நண்பர். கடைசியாக எடுத்தது உண்மையில் இருக்கிறதா? 2017 ஜனவரி 31 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்லேபில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தினசரி பேக்கப் கிடங்கு காலி. போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸை 9.2-இன் பழைய கருவி பேக்கப் எடுக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. கைகொடுத்தது, சோதனைத் தளத்துக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்.

சரி, பேக்கப் நலமாகவே இருக்கட்டும். பத்து மணிக்கு அழிந்த அட்டவணையை மீட்கத்தான் குளோன் என்றால், பதினொரு மணி பேக்கப் எதற்கு? ஆரக்கிள் டேட்டாபேஸின் பேக்கப் கருவியான ஆர்மேனில் 'அன்டில் டைம்' இருப்பது அழகுக்கல்ல. நேரத்தைச் சொன்னால், அதற்கு முந்தைய பேக்கப்பை அதுவே எடுத்து, மாற்றங்களைப் பதிந்துவைத்த ஆர்க்கைவ் லாகுகளை அந்த நேரம்வரை ஓட்டும். இடையில் ஒரு லாக் தொலைந்திருந்தால் குளோன் பாதியில் நிற்கும். நண்பரோ லாகுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.