அஞ்சு ரூபாய் பிஸ்கட்டுக்கும் ரேடியோ டேக் சாத்தியமா? சிப்பைக் கழற்றிப் பார்க்கும் விஞ்ஞானிகள்!

டோல்கேட்டில் கார் நின்றதும் நிற்காததுமாகத் தடுப்புக்கட்டை மேலே எழும்புகிறது அல்லவா? முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் செய்கிற வேலை அது. பெரிய துணிக்கடைகளில் சட்டையோடு தொங்கும் விலை அட்டை சிலவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வளைந்து வளைந்து போகும் உலோகக் கோடுகளும், நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியும். இரண்டுமே ஆர்.எஃப்.ஐ.டி. டேக்தான். கோடுகள் ஆன்டெனா, அந்தப் புள்ளி சிப்.

கார், சட்டை எல்லாம் சரி. ஐந்து ரூபாய் பிஸ்கட், பால் பாக்கெட், மாத்திரை அட்டை இவற்றில் மட்டும் ஏன் இன்னும் பழைய பார்கோடே இருக்கிறது?

எல்லாம் காசுதான்!

பார்கோடுக்குத் தனிச் செலவு என்று எதுவும் கிடையாது. பாக்கெட்டில் பெயரும் விலையும் அச்சிடும்போதே அதுவும் அச்சாகிவிடும். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட் ஸ்கேன் செய்யப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதை யாராலும் அசைக்க முடியாததற்கு இந்த மலிவுதான் முக்கியக் காரணம்.

ஆர்.எஃப்.ஐ.டி. டேக்கோ, லட்சக்கணக்கில் வாங்கினாலும் ஒன்றுக்குச் சில ரூபாய் ஆகிவிடும். ஐந்து ரூபாய்ப் பொருளில் அதை யார் ஒட்டுவார்கள்?

விலையைக் குறைக்க முயற்சி நடக்காமல் இல்லை. 1999-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆட்டோ ஐ.டி. சென்டர் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சஞ்சய் சர்மா அதன் முக்கியப் புள்ளிகளில் ஒருவர். டேக் விலையை 5 சென்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 2003-ல் வால்மார்ட் நிறுவனம் தன் முன்னணி 100 சப்ளையர்களிடம், பெட்டிகளில் டேக் ஒட்டி அனுப்புங்கள் என்று சொன்னது. கவனியுங்கள்... பெட்டிகளில்தான், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சோப்பிலும் அல்ல!

செலவு சிப்போடு மட்டும் முடிவதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தத் துணுக்கை எடுத்து, ஆன்டெனாவின் சரியான முனையில் பிசகாமல் பொருத்துவதற்கும் காசு ஆகிறது. 'அப்படியென்றால் சிப்பே வேண்டாம்' என்று ஒரு பிரிவு ஆராய்ச்சியாளர்கள் முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிப் இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி.

சிப் இல்லாமல் எப்படிப் பேசும்?

சிப்பும் இல்லை, பேட்டரியும் இல்லை என்றால் நம்ப முடியவில்லையா? 1945-ல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு, சோவியத் பள்ளி மாணவர்கள் மரத்தில் செதுக்கிய ஒரு சின்னத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதைத் தன் வீட்டிலேயே மாட்டிவைத்தார். அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்று இருப்பது 1952-ல்தான் தெரிந்தது. அதில் பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையை அனுப்பினால், அறையில் பேசும் சத்தத்துக்கு ஏற்ப அலையை மாற்றித் திருப்பி அனுப்பும். வடிவமைத்தவர் தெரமின் இசைக்கருவியைக் கண்டுபிடித்த லியோன் தெரமின். ஓர் உலோக வடிவத்தாலேயே தகவல் சொல்ல முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் தள்ளினால்தான் நன்றாக ஆடும். உலோகத்தில் வரையும் சுருளும் அப்படித்தான். அதன் அளவுக்குப் பொருந்தும் அலைவரிசை வந்தால் மட்டும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மற்றவற்றை விட்டுவிடும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஸ்டெவன் பிரெராடோவிச், நெமாய் கர்மாகர் குழு 2009-ல் வெளியிட்ட டேக்கில் இப்படி 35 சுருள்கள். ரீடர் 3.1 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 7 ஜிகாஹெர்ட்ஸ் வரை அலைகளை அனுப்பும். திரும்பி வருவதில் எந்தெந்த அலைவரிசை குறைகிறது என்று பார்க்கும். 35 பேர் படிக்கும் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல... இவர் இருக்கிறார், இவர் இல்லை, இவர் இருக்கிறார். இந்த 'இருக்கு - இல்லை' வரிசைதான் பொருளின் எண். ஒரு சுருளைச் செயலிழக்கச் செய்தால் எண் மாறிவிடும். 35 சுருள்களை வைத்து 3,400 கோடிக்கும் அதிகமான எண்களை உருவாக்கலாம்!

மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது?

கேட்க நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை? சிப் பார்த்துக்கொண்டிருந்த வேலைகளை இப்போது வேறு யாராவது பார்க்க வேண்டுமே!

சிப் உள்ள டேக்குகள் வரிசையில் நின்று பேசும். ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். அதனால்தான் ஒரு பெட்டிச் சட்டைகளைப் பிரிக்காமலே எண்ணிவிட முடிகிறது. சிப் இல்லாத டேக்குக்குக் காத்திருக்கத் தெரியாது. பத்து டேக் பக்கத்தில் இருந்தால் பத்தும் ஒரே நேரத்தில் கத்தும். ஆகவே கூடையை அப்படியே தள்ளிக்கொண்டு பில் போடும் கனவு இப்போதைக்கு இதில் கடினம். கன்வேயரில் ஒவ்வொன்றாக வரும் பொருளுக்குத்தான் இது தோது.

அடுத்து, டேக்கின் பதில் மெல்லிய முணுமுணுப்பு மாதிரி. மேஜை, சுவர், பக்கத்தில் நிற்கும் ஆள் என எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும் அலைகளுக்கு நடுவே அதைப் பிரித்தெடுக்க வேண்டும். மோனாஷ் குழு இதற்கு ஒரு வழி செய்தது. அலையை ஒரு திசைவாக்கில் வாங்கி, குறுக்குவாக்கில் திருப்பி அனுப்பும்படி இரண்டு ஆன்டெனாக்களை வைத்தது. அப்படியும் இந்த வகை டேக்கை ரீடருக்கு மிக அருகில் காட்ட வேண்டியிருக்கிறது. பல ஜிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலை அனுப்பி அலசும் ரீடர் மலிவானதும் அல்ல. டேக்கில் மிச்சமாகும் காசில் ஒரு பங்கு ரீடருக்குப் போய்விடுகிறது. லட்சக்கணக்கில் பாக்கெட் ஓடும் தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகலாம். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிக்குக் கட்டுப்படியாகுமா?

காகிதத்தில் அச்சிட்டால் செலவு இன்னும் குறையும். ஆனால், மின்சாரம் கடத்தும் வெள்ளி மை விலை அதிகம். போதாக்குறைக்கு, காகிதம் ஈரத்தை இழுத்தால் சுருளின் அலைவரிசையே நகர்ந்துவிடும்.

குறையே குணமானால்?

சுவாரஸ்யமான திருப்பம் இங்கேதான். ஈரத்தால் அலைவரிசை நகர்கிறது என்றால், எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து ஈரத்தையே அளக்கலாமே! இந்த யோசனையில் ஈரப்பதம், வெப்பநிலை காட்டும் சிப் இல்லாத டேக்குகளை ஆய்வகங்களில் உருவாக்கி வருகிறார்கள். குளிர்ச்சியாக வைக்க வேண்டிய தடுப்பூசி, வழியில் சூடாகிவிட்டதா என்று பெட்டியைத் திறக்காமலே தெரிந்தால் எவ்வளவு உதவி! பார்கோடால் இது முடியாது.

போலி மருந்து? சுருளைப் பார்த்து அதேபோல் அச்சடிக்க முடியாதா என்று கேட்டால், முடியும். அதனால் பிரான்ஸில் எத்தியன் பெரே போன்ற ஆய்வாளர்கள், அச்சிடும்போது தானாக நேரும் மிக நுண்ணிய வித்தியாசங்களையே கைரேகைபோலப் பயன்படுத்த முயல்கிறார்கள்.

அது அட்டைக்கு வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 முன்னணி மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடு அல்லது க்யூ.ஆர். கோடு கட்டாயம். மருந்து வாங்கியதும் போனில் ஸ்கேன் செய்து, திரையில் வரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையா? மாத்திரையைப் பிரிக்காமல், பில்லோடு கடைக்கே எடுத்துப் போய்க் கேளுங்கள்.