எத்தனை மணிக்கு?

கொரோனாக் காலத்தில் நான் ஒரு பாவம் செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கட்டுரை எழுதினேன்.

2021-ஆம் வருஷம் ஜனவரிக் கடைசியில் ஒரு பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். பிப்ரவரி 14 வருகிறது, வியாதிப் பயமோ இன்னும் தீரவில்லை, ஆகையால் ‘வீட்டிலேயே காதலர் தினம்’ என்று நாலு பக்கம் ஜிலுஜிலுவென்று வேண்டுமாம். எனக்கென்ன, எழுதிப் பிழைக்கிறவன். குன்றத்தூரில் என் வீட்டு மேஜைமுன் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டேன். விளக்கை அணையுங்கள், மெழுகுவத்தி ஏற்றுங்கள், அவளுக்குப் பிடித்த பழைய படத்தைப் போடுங்கள், மொட்டை மாடியில் நிலாச் சோறு சாப்பிடுங்கள் என்றெல்லாம் உபதேசம். தை அமாவாசை கழிந்து அன்றைக்கு மூன்றே நாள்தான் ஆகியிருக்கும், நிலாவுக்கு எங்கே போவது என்றுகூட நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, “உங்களுக்கென்ன, எழுதிட்டுப் போயிடுவீங்க. மேஜையில ஒட்டின மெழுகை யாரு சுரண்டுறது?” என்றாள். பெண்கள் எதையும் ரசிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மாடியில் அப்போது ஒரு குடித்தனம் இருந்தது. ஓர் அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்த ஓர் அறையில் புருஷன், பெண்டாட்டி, புருஷனுடைய தம்பி. அவன் ஒரகடம் பக்கம் மோட்டார் உதிரி பாகம் செய்யும் ஆலையில். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். இருவருக்கும் காதல் கல்யாணம்; இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை கிடையாது. அவளுக்கு இரவு ஷிப்டு. காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும், மாடியேறிப் படுத்துவிடுவாள். அவள் எழுந்திருக்கும்போது அவன் பகல் ஷிப்டுக்குப் போயிருப்பான். அவன் திரும்பி வரும்போது அவள் பஸ் ஏறியிருப்பாள்.

குன்றத்தூர் மலை முருகனைத் தரிசித்தவர்களுக்கு ஒரு விசேஷம் தெரியும். ஒரு பக்கமாக நின்று பார்த்தால் சுவாமி வள்ளியோடு மட்டும் தெரிவார். மறு பக்கம் வந்தால் தெய்வயானையோடு மட்டும். மூவரையும் ஒருசேரப் பார்க்க முடியாது. எங்கள் மாடித் தம்பதியும் அப்படித்தான். வாடகைக்கு வந்து ஏழு மாதத்தில் இருவரையும் ஒரே படிக்கட்டில் நான் கண்டதில்லை.

அந்தப் பெண் என் கட்டுரையைப் படித்திருக்கிறாள். தண்ணீர் பிடிக்க வந்தவள் என் மனைவியிடம் சொன்னாள்: “அக்கா, சார் எழுதினதைப் படிச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அதெல்லாம் எத்தனை மணிக்குப் பண்றது?”

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இருந்தும் அவனுக்கு ஓவர்டைம். அவள் சனிக்கிழமை இரவு முழுவதும் விழித்துவிட்டு வருவாள். அறையில் தம்பி வேறு.

நான் அன்றிலிருந்து இந்த ‘வீட்டிலேயே கொண்டாடுங்கள்’ கோஷ்டியின் எதிரி. இதைப் படிக்கிற உங்களுக்கும் எனக்கும் வீடு என்றால் ஹால், படுக்கையறை, தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை உலகம் முழுவதுக்கும் பொது என்று நினைத்துக்கொண்டுதான் நாம் உபதேசம் பண்ணினோம்.

ஊருக்கெல்லாம் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்று சொன்ன காலத்தில் இந்தப் பிரதேசத்தில் என்ன நடந்தது? 2021 மே மாதம். மாநிலம் முழுவதும் ஊரடங்கு. கார் ஆலைகள் ஓடலாம் என்று விதிவிலக்கு. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 24-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்த பிறகுதான் 25 முதல் 29 வரை ஐந்து நாள் ஆலையை மூடினார்கள். ஒரகடம் ரெனோ-நிஸ்ஸான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வீட்டிலே இருப்பதற்கே போராட வேண்டியிருந்த ஊர் ஐயா, இது! இங்கே வந்து வீட்டை எப்படி அலங்கரிப்பது என்று நான் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

கல்யாணமாகாத பெண்களின் கதை இதற்கும் கீழே. அவர்களுக்கு வீடு என்பது ஹாஸ்டல். தரையில் பாய் போட்டு வரிசையாகப் படுக்கை. 2021 டிசம்பரில், ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் அந்தச் சுவர்களுக்குள் என்ன இருக்கிறது என்று உலகம் எட்டிப் பார்த்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்தப் பாயின் எந்த மூலையில் மெழுகுவத்தியை நிறுத்துவது?

அதே ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதிற்று. கம்பெனி மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. விவகாரம் எப்படியாவது போகட்டும். தாலியை ஒரு குறையாக எண்ணி மறைக்க வேண்டுமோ என்று ஒரு பெண் பயப்படுகிற இடத்தில் காதலுக்குத் திருநாள் வேறு கொண்டாட வேண்டுமாம்.

இன்னொரு கட்சியையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. காதலர் தினம் அந்நிய நாகரிகம், பூங்காவில் ஜோடியாகக் கண்டால் தாலி கட்ட வைப்போம் என்று கிளம்புகிறவர்கள். தொற்று வந்ததில் அவர்களுக்குப் பரம திருப்தி. பிள்ளைகள் வீட்டோடு அடங்கினார்கள் என்று. காதலியை வீட்டுக்குள் அடைப்பதற்கு நம் பழைய இலக்கணக்காரர்கள் ‘இற்செறிப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதலுக்கு நேரும் துன்பங்களில் ஒன்று. தினைப்புனமும் சோலையும்தான் காதலர் சந்திக்கும் இடம். தமிழ்க் காதல் வெளியிலே பிறந்தது; வீடு அதற்குத் தடை. இதே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சிவபெருமானையே நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் இரண்டு முறை நடக்க விட்டார். பெரியபுராணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் காதலை அந்நியம் என்கிறார்கள்!

இங்கே வெளி என்று இருந்தது என்ன? மலைப் படிக்கட்டு. கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு படி தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் முடியக் கோயில் அடைத்திருந்தபோது அவர்களுக்கு அதுவும் போயிற்று. வியாதிக்காக அடைத்தது சரியே. ஆனால் அந்த ஆறு மாதம் அவர்கள் எங்கே பேசிக்கொண்டார்கள் என்று நம்மில் ஒருவராவது யோசித்தோமா? படிக்கட்டை விடப் பெரிதாக ஒன்றும் அவர்கள் கேட்கவில்லை. இருவருக்கும் ஒரே கிழமையில் விடுமுறை, தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை: இவ்வளவுதான் மாடிப் பெண்ணின் கணக்கில் குறைந்தது. இதை ஆலைக்காரர்களிடம் கேட்டு எழுதாமல் அவளுக்கு மெழுகுவத்தி சிபாரிசு செய்தவன் நான்.

அந்தக் குடித்தனம் அந்த வருஷமே காலி செய்துகொண்டு போய்விட்டது. சாவி கொடுக்க வந்த அன்றுதான் இருவரையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரே உயரம்.

தொகுதி போடுகிற பதிப்பாளர் போன மாதம், “அந்த மெழுகுவத்திக் கட்டுரையையும் சேர்த்துடலாமா சார்? ஜனங்களுக்குப் பிடிச்சிருந்துதே!” என்றார். அதை எடுத்துவிட்டு இதை அனுப்பியிருக்கிறேன்.