எட்டு போட்ட பிறகு என்ன?

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் ஒரு தமாஷைப் பார்க்கலாம். நேற்று வரை தெருவில் பறந்துகொண்டிருந்த பையன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக வரிசையில் நிற்பான். பேரைக் கூப்பிட்டதும் ஃபர்ஸ்ட் கியரில் உருட்டிக்கொண்டு போய், காலைத் தரையில் ஊன்றாமல் ஒரு எட்டு போடுவான். வேகம் பத்து, பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் ஆகியிருந்தால் போதும், எட்டு போட்டு முடித்ததும் லைசென்ஸ். அவ்வளவுதான்.

அந்த எட்டில் பேலன்ஸ் தெரியும், க்ளட்ச் தெரியும். அறுபதில் போகும் வண்டியை எத்தனை மீட்டருக்குள் நிறுத்துவாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் ரோட்டில் உயிரைக் காப்பாற்றப் போவது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்துடுவே!" இது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா சித்தப்பாவும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். நல்ல மனசோடு சொல்லப்படும் தப்பான பாடம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் போகிறது (பஸ் சடாரென்று நின்றால் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் முன்னால் சாய்வது போல). முன் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகிவிடும். ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் நிற்கும் தூரம் கூடும், சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். சித்தப்பாவின் பயம் பொய்யில்லை. முன் பிரேக்கைப் பதறிப் பிடித்தால் விழத்தான் செய்வான். முதலில் லேசாக, பாரம் முன்னால் வந்ததும் அழுத்தமாக, இதுதான் வித்தை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசியைத் தாண்டிய புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். ஆனால் எப்போது பிடிக்க வேண்டும் என்ற புத்தி ஓட்டுபவனிடம்தான் இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. நாய் குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, விரல் பிரேக்கைத் தொட ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு, காய்ந்த ரோட்டில் நன்றாகவே பிடித்தாலும் இன்னொரு 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 37. இதே 80 கி.மீ. வேகம் என்றால் 57 மீட்டர்! வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், தூரம் பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. 2022 இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம்... வேறு யார், தமிழ்நாடுதான்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈ.சி.ஆரில் பைக்குகள் சீறுகின்றன. இதற்குப் பெரியவர்களின் மருந்து ஒரே ஒரு வாக்கியம்: "மெதுவா போப்பா." சட்டத்தின் மருந்து, ரோட்டில் ரேஸ் விட்டால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சரிதான், வேண்டியதுதான். ஆனால் பத்தொன்பது வயதில் வேகத்தின் மேல் வரும் ஆசை, பயமுறுத்தினால் போய்விடுமா? போகாது. இடம்தான் மாறும்.

அந்த ஆசைக்கு இந்த ஊரில் இடமே இல்லை என்றால் பரவாயில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தியாவிலேயே அதற்கு முதலில் இடம் கொடுத்த ஊர்களில் ஒன்று சென்னை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சோழவரம் ஓடுதளத்தில் பல வருடங்கள் பந்தயம் நடந்தது. 1990 இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான ட்ராக் வந்தது. நீளம் 3.7 கி.மீ., பன்னிரண்டு வளைவுகள். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2011 இல் உலக 125 சிசி பந்தயத்தில் ஓட்டிய சரத் குமார் சென்னைக்காரர்தான்.

ட்ராக்குக்கு முதல்முறை போகும் பையனுக்கு என்ன நடக்கும்? முதலில் அவனை ஓட்டவே விட மாட்டார்கள். ஹெல்மெட், லெதர் சூட், க்ளவுஸ், பூட்ஸ் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள், விளக்குகள் மேல் டேப் ஒட்டச் சொல்வார்கள். மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாக உள்ளே வந்துவிட வேண்டும். இவ்வளவு கேட்டுவிட்டு உள்ளே போனால் முதல் அதிர்ச்சி: நேர் ரோட்டில் அவன் ராஜா, வளைவு வந்ததும் அவனைவிடச் சின்ன பைக்கில் ஒருவர் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவார். காலேஜ் வாசலில் கட்டிய கோட்டை அங்கேயே இடிந்துவிடும். அந்த இடிபாடுதான் அவன் கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் முதல் லாபம்.

அதன் பிறகுதான் பாடம். இடது பக்கம் திரும்ப, இடது ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ள வேண்டும் (நம்பாதவர்கள் காலி மைதானத்தில் நிதானமாக முயலலாம்). கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும். பயந்துபோய்ப் பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்தில்தான் விழும். பயந்தவன் கை ஹேண்டிலை இறுக்கும், ஆக்சிலேட்டரை மூடும், பார்வை குறுகும். பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட அமெரிக்கர் கீத் கோட், கவனத்தைக் கையிலிருக்கும் பத்து டாலருக்கு ஒப்பிடுகிறார். பிரேக்குக்கே ஒன்பதைச் செலவழித்துவிட்டால், எதிரே வருவதைப் பார்க்க மிஞ்சுவது ஒன்றுதான். பழகப் பழக பிரேக்கின் விலை குறையும், மிச்சக் காசு கண்ணுக்குப் போகும்.

இப்படிக் கற்றவன் ரோட்டுக்குத் திரும்பும்போது பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓட்டுகிறான். ஏனென்றால் ட்ராக்கில் என்னென்ன இல்லை என்று அவனுக்குத் தெரியும். எதிரே தண்ணி லாரி இல்லை, வளைவில் மணல் இல்லை, திடீரென்று கதவைத் திறக்கும் ஆட்டோ இல்லை. விழுந்தால் ஓடிவர ஆட்களும் ஆம்புலன்ஸும் உண்டு. ஈ.சி.ஆரில் இது எல்லாமே தலைகீழ்.

அதற்காக ட்ராக் என்றால் சொர்க்கம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியில் விழுந்த 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அந்த வயதில் பந்தயத்தில் இறக்கலாமா என்பது சாதாரணக் கேள்வி அல்ல. லெதர் சூட்டும் கொடியும் ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது. இன்னொரு குறை பணம். சூட், பூட்ஸ், கட்டணம், டயர் எல்லாம் சேர்ந்தால் சாதாரண வீட்டுப் பையனுக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது என்று ரோட்டில் முறுக்குபவர்களும் உண்டு. இது எதையும் மறைத்துப் பயனில்லை.

ஆனால் எல்லோரும் ரேஸ் ஓட்ட வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கக் கற்க 3.7 கி.மீ. ட்ராக் எதற்கு? கல்லூரி மைதானத்தில் லீவு நாளில் நாலு கோன், விவரம் தெரிந்த ஒருவர், ஒரு அரை நாள் போதும். முப்பதில் வந்து நிறுத்து, நாற்பதில் வந்து நிறுத்து, எத்தனை மீட்டர் என்று அளந்து பார். கல்ச்சுரல்ஸுக்கு மூன்று நாள் ஒதுக்கும் கல்லூரிகளால் இதற்கு அரை நாள் ஒதுக்க முடியாதா? ஆர்.டி.ஓ. மைதானத்திலும் எட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடு போட்டு, "நிறுத்திக் காட்டு" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வண்டி கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று "பத்திரமா போயிட்டு வா" என்கிறாள் அம்மா. பையனும் தலையாட்டுகிறான். எப்படிப் பத்திரமாக என்று அவனுக்கு இதுவரை யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா?