எட்டப்பன் தலையில் கட்டிய கணக்கு

ராஜபாளையம் ஜவஹர் மைதானத்தில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் சரி, விடுதலைப் போரைப் பற்றிப் பேச்சு திரும்பிவிட்டால் அடுத்து வரப்போவது என்ன என்று கூட்டத்துக்கே தெரியும். வெள்ளைக்காரன் வியாபாரம் பண்ண வந்தான், நம்மிடம் ஒற்றுமை இல்லை, ஒரு எட்டப்பன் காட்டிக்கொடுத்தான், நாடு போயிற்று. உடனே கைதட்டல். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் இந்தக் கதைக்கு முகமும் குரலும் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த தலைமுறைகள் வரலாற்றையே அந்த வசனத்தின் ஏற்ற இறக்கத்தோடுதான் கேட்டு வளர்ந்திருக்கின்றன.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கிளைக்கதை வேறு உண்டு. பாளையக்காரர் போரில் ராஜபாளையம் நாய்கள் வெள்ளைக்காரக் குதிரைப்படைமேல் பாய்ந்து துவம்சம் செய்தனவாம். 2005இல் தபால்தலை வாங்கிய நாய் அது. வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்குமாக அது நிற்கிற அழகுக்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை. கதையில் அது குதிரையின் காலைக் கவ்வுகிறது. கடன் பத்திரத்தைக் கவ்வியதாக மட்டும் யாரும் சொல்வதில்லை. கவ்வியிருக்க வேண்டியது அதைத்தான்.

காட்டிக்கொடுப்பதற்கு அப்போது ஒரு நாடு இருந்ததா என்பதிலிருந்து தொடங்கலாம். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் தென்காசிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் வழி நெடுக மேற்கே மலை கூட வரும். அந்த அடிவாரத்தை ஒட்டித்தான் கொல்லங்கொண்டான், சேற்றூர், சிவகிரி என்று பாளையங்கள் வரிசையாக இருந்தன. வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் அதற்குத் தெற்கே. இவை பெரும்பாலும் மறவர் பாளையங்கள். கிழக்கே கரிசல் காட்டில் எட்டப்பன்களின் எட்டயபுரம், கட்டபொம்மன் வம்சத்தின் பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் என்று நாயக்கர் பாளையங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டை, தனிப் படை, தனிக் காவல் உரிமை. பக்கத்துப் பாளையத்தோடு எல்லைத் தகராறு எல்லோருக்கும் பொது.

1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரானும் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் தெற்கே வசூலுக்கு இறங்கினார்கள். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். பீரங்கி போதாமல் ஹெரான் திரும்பிப் போனார். அதன்பின் பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒரே அணியாகத் திரட்டினார். கிழக்கிலிருந்தும் ஆதரவு கேட்டார். பாஞ்சாலங்குறிச்சி வரவில்லை, எட்டயபுரமும் வரவில்லை; அவர்கள் வீட்டு ஆட்கள் கம்பெனியின் கையில் பிணையாக இருந்தார்கள். மேடைப் பேச்சாளரின் அளவுகோலை இங்கே வைத்தால் கட்டபொம்மனின் முன்னோரும் எட்டப்பன்தான். அந்த அளவுகோலை அங்கே யாரும் வைப்பதில்லை. வைக்கவும் கூடாது. பிணையாளின் உயிரை நினைத்து எடுத்த முடிவுக்குத் துரோகம் என்று பெயர் வைப்பது எளிது. வைத்தவர் வீட்டுப் பிள்ளை திருச்சிக் கோட்டையில் பிணையாக இருந்திருந்தால் தெரியும்.

இன்னும் பக்கத்தில் வருவோம். ராஜபாளையத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது சேற்றூர். 1792இல் அதன்மேல் பாய்ந்தது சிவகிரி. நடுவில் புகக் கம்பெனிக்கு அழைப்பு தேவைப்படவில்லை. கர்னல் மாக்ஸ்வெல் தலைமையில் படை வந்தது. இதையும் ஒற்றுமைக் குறைவு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் தனித்தனி அரசுகளாக இருந்தவை தங்களுக்குள் சண்டை போட்டன என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது? அதே காலத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் அடித்துக்கொண்டதை ஐரோப்பாவின் ஒற்றுமைக் குறைவு என்று யாரும் புலம்புவதில்லை.

ஒற்றுமை இல்லாதவன் தோற்பான் என்பது உண்மையானால் முதலில் மண்ணைக் கவ்வியிருக்க வேண்டியது கம்பெனிதான். நெற்கட்டும்செவலில் தோற்றுத் திரும்பிய ஹெரானை அவர்களே ராணுவ விசாரணைக்கு நிறுத்தி வேலையை விட்டு நீக்கினார்கள். கூட வந்த மாபூஸ்கான் பிறகு தம்பிக்கு எதிராகத் திரும்பிப் பூலித்தேவர் பக்கமே போனார். அடுத்து அனுப்பிய யூசுப்கான் 1761இல் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் பனையூரையும் பிடித்துக் கொடுத்தார். இரண்டே ஆண்டில் அவரே கம்பெனிக்கும் நவாபுக்கும் எதிராகக் கொடி தூக்கினார். மதுரையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, 1764 அக்டோபரில் அவரைத் தூக்கில் போட்டார்கள். 1776இல் சென்னைக் கவர்னர் பிகட்டை அவருடைய சொந்தக் கவுன்சில் உறுப்பினர்களே கைது செய்தார்கள். மறுவருடம் அவர் காவலிலேயே இறந்தார். இந்த லட்சணத்தில் இருந்தவர்கள்தான் ஜெயித்தார்கள். ஆக, காரணத்தை வேறு எங்கோ தேட வேண்டும்.

கடன் கணக்கில் தேட வேண்டும் என்பது என் கட்சி.

ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனியின் படையை வைத்துப் பதவிக்கு வந்தவர், அந்தப் படையை வைத்தே பதவியில் நீடித்தவர். படைச் செலவு அவர் தலையில் எழுதப்பட்டது. கொடுக்கப் பணமில்லை. கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களே தனிப்பட்ட முறையில் அவருக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் அவர் கம்பெனிக்கு அடைத்தார். பால் பென்ஃபீல்ட் என்பவர் சில நூறு பவுன் சம்பளத்தில் இருந்தவர். 1776இல் தஞ்சாவூர் விளைச்சலின் மேல் தனக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டியிருக்கிறது என்று வந்து நின்றார். பிகட்டைக் கவிழ்த்த தகராறில் இந்தக் கோரிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றியே ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். நம் ஊர்க் கந்துவட்டிக்காரன் செய்வதும் இதுதான்: அசல் திரும்பி வருவதை அவன் விரும்புவதில்லை, வீடும் நிலமும்தான் அவன் கண்ணில் இருக்கும்.

நவாபிடம் அடமானம் வைக்க இருந்தது வரிவசூல் உரிமை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் குத்தகைக்கு விடப்பட்டன. 1755இல் ஹெரான் இரண்டு சீமைகளையும் மாபூஸ்கானுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்குக் குத்தகை பேசினார். சில ஆண்டு கழித்து யூசுப்கானுக்குக் கிடைத்த குத்தகை 5 லட்சம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே கிடக்கிற பள்ளத்தைப் பார்த்தாலே போதும். முதல் எண் எவ்வளவு ஆகாயத்தில் போட்டது என்று விளங்கும். சீமை எவ்வளவு தாங்கும் என்று கேட்டு வைத்த தொகை அல்ல அது. மேலே யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதிலிருந்து இறங்கிவந்த தொகை. குத்தகைக்காரனுக்கு நாளை தன் குத்தகை நிலைக்குமா என்று தெரியாது, அதனால் இன்றைக்கே பிழிவான். பிழிந்ததில் ஒரு பங்கைப் பாளையக்காரர் கொடுக்க வேண்டும், அவர் குடியானவனிடம் வாங்க வேண்டும். கொடுக்காத இடத்துக்குப் படை போகும். போன படையின் செலவும் நவாபின் கடனில் ஏறும். மதுரையிலிருந்து இறங்குகிற படைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டை ஒரு வாசல். தேர் ஓடுகிற ஊரில் தண்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பத்திரங்கள் வரிசையாக வந்தன. 1781இல் நவாப் தன் சீமைகளின் வருவாயையே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். நடுவில் திருப்பிக் கொடுத்தார்கள், மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். 1792 ஒப்பந்தப்படி பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் என்ற கப்பத்தை நவாபின் பெயரில் கம்பெனியே நேரடியாக வசூலிக்கலாம் என்றாயிற்று. 1798இல் கட்டபொம்மனை ராமநாதபுரத்துக்கு வரவழைத்த கலெக்டர் ஜாக்சன் பேசியது இந்த வசூல் பாக்கியைப் பற்றி. 1799 அக்டோபரில் கயத்தாறில் அவருக்குத் தூக்கு. 1801 ஜூலையில் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்குக் கைமாறியபோது திருநெல்வேலிச் சீமையில் சண்டை கிட்டத்தட்ட முடிந்திருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. இந்த வரிசையில் எட்டயபுரம் எங்கே வருகிறது? கடைசி அங்கத்தில், கூலி வாங்குகிற இடத்தில்.

பாளையக்காரர்களைச் சூது தெரியாத வெள்ளந்திகளாக, வாளைத் தவிர வேறு எதையும் அறியாதவர்களாகக் காட்டுவதும் இதே கதையின் வேலைதான். 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது உள்ளே 40,000 வராகனோடு ஒரு காகிதமும் கிடைத்தது. கொழும்பிலிருந்த டச்சு அரசோடு பாஞ்சாலங்குறிச்சி செய்துகொண்ட ஒப்பந்தம் அது. தூத்துக்குடியில் முத்தும் துணியும் வாங்கிக்கொண்டிருந்த டச்சுக்காரனை இங்கிலீஷ்காரனுக்கு எதிராக நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். ராஜதந்திரம் அவர்களுக்கும் தெரியும். அடுத்து ஃபுல்லர்ட்டன் போனது சிவகிரிக்கு, மலையடிவாரக் காட்டுக்குள்.

கதை சொல்பவர்கள் அநேகமாகத் தொடாத இடம் காவல். தேசகாவல், ஸ்தலகாவல் என்று ஊர்களிலிருந்தும் வழிப்போக்கரிடமிருந்தும் பாளையக்காரர் வாங்கிவந்த தொகை அவருடைய வருமானத்திலும் அதிகாரத்திலும் பெரும்பங்கு. பொருள் களவு போனால் கண்டுபிடித்துத் தரும் பொறுப்பும் அதில் சேர்ந்தது. கலெக்டர் லஷிங்டன் இதைக் கொள்ளை என்று எழுதினார். குடிகளை நெருக்கிப் பிடுங்கிய காவல்காரர்கள் இருந்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கம்பெனி அதை ஒழித்தது குடிகளின் கண்ணீரைப் பார்த்து அல்ல. ஒரே நிலத்திலிருந்து இரண்டு பேர் வசூலிக்கக் கூடாது என்பதுதான் விஷயம். லஷிங்டன் பின்னாளில் சென்னை கவர்னரானார்.

இது நம் மண்ணின் தனி சாபம் என்று நினைப்பவர்கள் பாரசீகத்தைப் பார்க்க வேண்டும். கட்டபொம்மன் தூக்கில் ஏறிய அதே 1799இல், சென்னைப் படையில் வளர்ந்த ஜான் மால்கம் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் தூதராகப் பாரசீகத்துக்குக் கப்பல் ஏறினார். 1801 ஜனவரியில் ஷாவோடு அரசியல் ஒப்பந்தம் ஒன்று, வணிக ஒப்பந்தம் ஒன்று, இரண்டும் ஜோடியாக முடிந்தன. நூறு ஆண்டு கழித்து எண்ணெய் வாசனை வந்ததும் தெஹ்ரானோடு மட்டும் பேசினால் போதாது என்று கண்டுகொண்டார்கள். எண்ணெய்க் காடு பக்தியாரி இனத் தலைவர்களின் சீமையில் இருந்தது. 1905இல் பிரிட்டிஷ் கான்சல் பிரீஸ் அந்தக் கான்களோடு தனியாக உடன்படிக்கை செய்தார்: எண்ணெய்க் கம்பெனிப் பங்கில் நூற்றுக்கு மூன்று, துளை போடும் இடத்துக்குக் காவல் கூலி தனி. தேசகாவல்தான், பெயர் வேறு. கான்கள் பின்னர் வரப்போகிற பங்குப் பணத்தைக் காட்டிக் கடன் வாங்கினார்கள். 1908இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீய்ச்சியது. 1909இல் பெர்சி காக்ஸ் முகம்மராவின் ஷேக் கசலிடம் அபாதான் தீவில் ஆலைக்கு இடம் பேசினார்: ஆண்டு வாடகை 650 பவுன், அதோடு 10,000 பவுன் கடன். எங்கே பார்த்தாலும் அந்தக் கடன் வந்து நிற்கிறது! 1914இல் பிரிட்டிஷ் அரசே எண்ணெய்க் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்கை வாங்கியது. மத்தியில் ரேசா கான் வலுத்ததும், அதுவரை பாதுகாப்பு உறுதி வாங்கிவந்த கசல் 1925இல் தெஹ்ரானுக்குக் கைதியாகப் போனார். லண்டன் விரலை அசைக்கவில்லை. அங்கே எந்த எட்டப்பன் யாரைக் காட்டிக்கொடுத்தான்? கைவிட்டது கையெழுத்துப் போட்ட கூட்டாளியேதான்.

எட்டயபுரம் கம்பெனிக்கு ஆளும் உளவும் கொடுக்கவில்லையா, பறிமுதலான நிலத்தில் பங்கு வாங்கவில்லையா என்று கேட்பார்கள். கொடுத்தது, வாங்கியது. கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். இதையெல்லாம் மறைக்க நான் வரவில்லை. ஆனால் விலைபோனவனைத் திட்டிக்கொண்டே இருந்தால் விலை கொடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க நேரமே இருக்காது. இருநூறு ஆண்டுகளாக நேரம் இருந்ததில்லை. நடுவே அந்தக் கதை சாதிக்கணக்குத் தீர்க்கவும் வாகாகிவிட்டது. ஒரு பக்கம் பூலித்தேவர் படம், ஒரு பக்கம் கட்டபொம்மன் படம், யார் முதலில் எதிர்த்தது என்று பேனர் சண்டை. இரண்டு படத்துக்கும் கீழே வாடிய பயிரோடு நின்று கிஸ்தி கட்டியவனுக்கு இந்தச் சண்டையில் இடமே இல்லை.

அவன் கதை அதற்குப் பிறகும் ஓடியது. 1799 போருக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களும் பறிமுதலாயின. எஞ்சியவற்றுக்கு 1803இல் நிரந்தரக் கிஸ்தி நிர்ணயித்தார்கள். பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். எதிர்த்து அடிபட்ட சிவகிரியும் ஜமீன், எட்டயபுரமும் ஜமீன், சேற்றூரும் ஜமீன். குடியானவன் இருந்த இடத்தில் இருந்தான். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல்தான் வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா. அவரைப் பற்றி அதே ஜவஹர் மைதானத்தில் பேசுகிறவர்கள் இந்தச் சட்டத்தை எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் கட்டிய நினைவுக்கோட்டையின் உட்சுவர்களில் போர்க்காட்சிகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வருகிற இடம். அங்கே இன்னொரு சுவரில் 1781, 1792, 1801 ஒப்பந்தங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம், பக்கத்தில் பென்ஃபீல்டின் கணக்கையும். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கூட்டிப் பார்த்துக்கொள்ளும். வாத்தியார் வசனம் பேசிக்காட்ட வேண்டியிருக்காது.