பழைய காரும் புதிய தொழிலும்

இலங்கையின் மலையகத்தில் பழைய மொரிஸ் மைனர் காரைப் பராமரிப்பதை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் அதன் உற்பத்தி முற்றாக நின்றது. ஆனால் 1990களில் அதற்கான உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. 2020 மார்ச்சில் தொடங்கிய வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 வரை நீடித்தபோது, இருப்பதைப் பழுதுபார்க்கும் கைத்திறன் நாட்டின் தேவையே ஆகிவிட்டது.

இந்தப் பழைய கார்கள் புகை கக்கும், ஹட்டன்–நுவரெலியா வளைவுகளில் இவற்றின் பிரேக்கை நம்ப முடியாது என்பார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட இந்தக் காருக்கு முன்பக்கம் டிஸ்க் பொருத்தலாம். ஆண்டுதோறும் நடக்கும் புகைப் பரிசோதனையோடு பிரேக்கையும் கண்டிப்பாகச் சோதிக்கலாம். கடையில் கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தெடுக்கும் வித்தையைத் தேயிலைத் தோட்டத்து இளைஞர்களுக்குச் சான்றிதழோடு கற்பித்தால், கொழுந்துக்கூடைக்கு வெளியேயும் அவர்களுக்கொரு பிழைப்பு உண்டு.