பவுல் பேச எழுந்தார், பக்கம் முடிந்தது



வேதாகம மொழிபெயர்ப்புக் குழுக்களில் வேலை செய்யும் வாசகர்கள் நமக்குக் கணிசமாக உண்டு. மொழிநடை, சொல்தேர்வு என்று பெரிய விஷயங்களைக் கேட்டு எழுதுவார்கள் என்று பார்த்தால், அவர்கள் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டுவது ஒரு சில்லறைப் புலம்பல்தான். வரைவைப் பிரின்ட் எடுத்தால் கேட்காத இடத்தில் எல்லாம் பக்கம் முறிகிறதாம். ஒரு தாள் பாதிக்கு மேல் வெள்ளையாக நிற்கிறது. அடுத்த தாளில் இரண்டே வரி. தலைப்பு ஒரு பக்கம், கதை மறுபக்கம்.

சில்லறை என்று சொல்லிவிட்டேன். ஆனால் வரைவு எப்படிப் பயன்படுகிறது என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் பப்புவா நியூ கினியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மலைக்கிராமத்தில் வரைவைச் சரிபார்ப்பது என்றால், ஒருவர் ஒரு பகுதியை உரக்கப் படிப்பார், ஊர்க்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். பிறகு கேள்விகள் வரும்: யார் யாரிடம் பேசினார், ஏன் கோபப்பட்டார், அடுத்து என்ன நடந்தது? பதில்களைக் கேட்டு மொழிபெயர்ப்பாளர் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். படிப்பவர் தாளைத் திருப்பும் அந்த இடைவெளியில், சங்கதி முடிந்துவிட்டது என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்புறம் வரும் கோணலான பதிலுக்குக் காரணம் மொழிபெயர்ப்பா, தாளா என்று யார் பிரித்துச் சொல்வது?

அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். எருசலேமில், கோட்டைப் படிக்கட்டின் மேல் பவுல் நிற்கிறார். கையசைக்கிறார். கூட்டம் அடங்குகிறது. எபிரெய மொழியில் பேசத் தொடங்குகிறார். என்ன பேசினார்? அது 22-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் இருக்கிறது. பேச்சு தொடங்கும் முன்பே அதிகாரம் முடிந்துவிட்டது! ஒவ்வொரு அதிகாரமும் புதுப் பக்கத்தில் என்று செட்டிங் வைத்தால், பவுல் தூக்கிய கையோடு வெற்றுத்தாளைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். இந்த அதிகாரப் பிரிவு மூலநூலில் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவர் வகுத்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்களும் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் தம் கிரேக்கப் பதிப்பில் போட்டவைதான். ஆதியாகமத்தில் ஆறு நாட்கள் முதல் அதிகாரத்தில் இருக்க, ஏழாம் நாள் இரண்டாம் அதிகாரத்துக்குப் போனதும் இப்படித்தான். வேண்டாத முறிவைக் கம்ப்யூட்டர் கொண்டுவந்த வியாதி என்று சொல்ல முடியாது.

சரி, நம் தாளில் முறிக்கச் சொன்னது யார்? முதலில் கோப்பைத் திறந்து தேடுங்கள். ஐக்கிய வேதாகமச் சங்கங்களும் எஸ்.ஐ.எல். அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய பாராடெக்ஸ்ட் மென்பொருளில், உரை முழுவதும் பின்சாய்கோட்டில் தொடங்கும் குறிகளால் கட்டப்பட்டிருக்கும். அதிகாரத்துக்கு ஒரு குறி, வசனத்துக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று. பக்கத்தை முறி என்று சொல்லவும் தனிக்குறி உண்டு. தன் பிரின்டரில் அன்றைக்குப் பக்கம் ஒழுங்காக வரட்டும் என்று யாரோ என்றோ அதைப் போட்டிருப்பார்கள். உரை குழு முழுவதற்கும் பொது என்பதால் அந்தக் குறியும் எல்லோருக்கும் போய்விடும். வசனங்கள் பல முறை திருந்திவிட்ட பிறகும் அது இருந்த இடத்திலேயே கிடக்கும். எடுக்காவிட்டால் இறுதிப் பக்க வடிவமைப்பு வரை கூடவே வரும்.

குறி எதுவும் இல்லையா? அப்படியானால் தலைப்புகளைச் சந்தேகியுங்கள். தலைப்பு தன் கீழே உள்ள பத்தியை விட்டுப் பிரியக் கூடாது என்பது விதி. பகுதித் தலைப்பு, அதன் கீழே ஒத்த பகுதிகளின் குறிப்பு, பிறகு பத்தியின் முதல் இரண்டு வரிகள் எல்லாம் ஒரே கட்டாக நகரும். மிச்சமிருக்கும் இடம் போதாவிட்டால் மொத்தக் கட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். பாராடெக்ஸ்ட் கோப்புகளைப் பக்கமாக்கித் தரும் பிடிஎக்ஸ்பிரிண்ட், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் மரபில் வந்த ஸீடெக்கை வைத்து இயங்குவது. டெக்கில் முறியக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அபராத எண் போடலாம். 10,000 என்றால் அங்கே முறிக்கவே கூடாது. கழித்தல் 10,000 என்றால் முறித்தே ஆக வேண்டும். இடைப்பட்ட எண்கள் எல்லாம் பேரம். பத்தியை வரிகளாகப் பிரிக்கும்போது முழுப் பத்தியையும் பார்த்து முடிவெடுக்கிற டெக், பக்கம் என்று வந்தால் கையில் இருக்கும் பக்கத்தோடு நின்றுவிடும். அடுத்த பக்கத்தில் என்ன கஷ்டம் வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது.

வேர்டில் ஏற்றி அச்சிடுபவர்களுக்கு வேறொரு கண்டம் இருக்கிறது, தாள் அளவு. ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணினிகளில் வழக்கமாக இருக்கும் லெட்டர் தாள் சுமார் 279. ஏ4-க்கு அளந்து, பக்கத்துக்குப் பக்கம் கையால் பேஜ் பிரேக் போட்ட கோப்பை லெட்டருக்கு மாற்றினால் என்ன ஆகும்? அடியில் இருந்த இரண்டு மூன்று வரிகள் அடுத்த தாளுக்கு வழியும். உடனே அந்தப் பேஜ் பிரேக் வந்து நிற்கும். மீதித் தாள் காலி. 40 பக்க வரைவு 80 பக்கமாகக் கையில் வரும். என்டரைத் தட்டித் தட்டி உரையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும் டிடிபி பழக்கத்துக்கும் இதே கதிதான். எழுத்துருவைக் கொஞ்சம் மாற்றினாலும் எல்லாம் கலைந்துவிடும்.

நாம் இப்படித் தாளை வீணாக்கும்போது, தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட மிஷனரி சீகன்பால்குவும் தோழர்களும் காகிதத்தை எப்படிப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தார்கள் என்று நினைத்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதமோ பற்றாக்குறை. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். சுவிசேஷங்களும் நடபடிகளும் 1714-இல் வந்தன, புதிய ஏற்பாட்டின் மீதி 1715-இல்.

என்னைக் கேட்டால், வரைவில் பக்க அழகைத் தேடவே வேண்டாம். ஒற்றை நெடுவரிசை, அகலமான மார்ஜின், பென்சில் நுழையும் அளவுக்கு வரி இடைவெளி இருந்தால் போதும். அதிகாரத்துக்குப் புதுப் பக்கம் தேவையில்லை. 13 வசனம் உள்ள 2 யோவானுக்கும் 25 வசனம் உள்ள யூதாவுக்கும் ஆளுக்கொரு தாள் எதற்கு? தொடர்ந்தே ஓடட்டும். பக்கத்தின் தலையில் ஒற்றை வரி தனியே நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். சங்கீதங்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஜோடியாக வரும் இரண்டு அடிகளில் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அடுத்த பக்கமும் போனால், கேட்பவருக்குப் பாதிப் பொருள்தான் போய்ச் சேரும். அங்கே அபராத எண்ணைக் கூட்டி வையுங்கள். கையால் மட்டும் முறிக்காதீர்கள்.

நீண்ட அடிக்குறிப்பு தன் வசனத்தையும் இழுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு ஓடுவது தனிக் கதை. இந்தப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. அடுத்த மாதம் பார்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்