மாடியில் ஒரு பிளக் பாயின்ட்!

எங்க மாமா ஏ.சி. மெக்கானிக். மொட்டை மாடி யூனிட்டுக்கு வேக்குவம் பம்ப் ஓட்டணும்னா, கீழே வீட்டு ஜன்னலிலிருந்து துண்டு ஒயர்களை முறுக்கி, டேப் சுற்றி மேலே இழுப்பார். போன மழையில் அந்த ஜாயின்ட் நனைந்து ஷாக் அடித்தது. நல்லவேளை, மாடிக்குள்ளேயே விழுந்தார்.

அமெரிக்க மின்விதிகளில் ஏ.சி. இயந்திரத்திலிருந்து 25 அடிக்குள் பிளக் பாயின்ட் கட்டாயம். இயந்திரத்தை அணைத்தாலும் அதில் கரண்ட் இருக்கணும்.

"செலவாகுமே, மழையில் நனையுமே" என்பீர்கள். மூடி போட்ட பெட்டியும், கரண்ட் கசிந்தால் ட்ரிப் ஆகும் இ.எல்.சி.பி.யும் எதற்கு இருக்கு? அவரவர் விருப்பம்னு விட்டால் யாரும் வைக்க மாட்டாங்க. மாடி ஏறுவது அவர்கள் இல்லையே! எனவே இங்கேயும் கட்டாய விதி வேண்டும் என்பதே என் கருத்து.

– 9-ஆம் வகுப்பு மாணவி